சொந்தமாகக் குதிரை வைத்துப் பராமரிப்பது மனத்தை ஆற்றுமா?

கேள்வி: புதுக்கடிவாளம்

அனைவருக்கும் வணக்கம்.

என் கணவர் மறைந்த பிறகு ஏற்பட்ட மனச்சோர்வுக்காக மனநல மருத்துவரிடம் சிகிச்சை பெற்று வருகிறேன். மருந்தும் உளவியல் ஆலோசனையும் தொடர்கின்றன; இரண்டாலும் பயன் இருக்கிறது. ஆனால் பகல் பொழுதைக் கழிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. அப்போது தெரிந்தவர் ஒருவர் தம் லாயத்துக்கு உதவிக்கு வரச் சொன்னார். சவாரியிலிருந்து ஓய்வு கொடுக்கப்பட்ட 18 வயதுப் பெண்குதிரை ஒன்றைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அங்கே எனக்கு வந்தது. நான் அதன் மேல் ஏறுவதில்லை. உடம்பைத் தேய்த்துவிடுவது, குளம்புகளைச் சுத்தம் செய்வது, தண்ணீர்த் தொட்டியைக் கழுவி நிரப்புவது, மாலையில் கயிற்றைப் பிடித்து நடத்திக் கூட்டிச்செல்வது, இவ்வளவுதான் என் வேலை.

இந்த வேலைகளைத் தொடங்கியதிலிருந்து என் உறக்கம் சீராகியிருக்கிறது. லாயத்தில் இருக்கும் நேரத்தில் மனம் பழையதையே சுற்றிச் சுற்றி வருவதில்லை. என்னைக் கண்டதும் அது தலையை உயர்த்தித் தாழ்ந்த குரலில் கனைக்கும்போது, நான் ஒருவருக்குத் தேவைப்படுகிறேன் என்ற எண்ணம் வருகிறது. அந்த எண்ணம் நீண்ட நாளாக என்னிடம் இல்லாமல் போயிருந்தது.

லாயத்துக்காரர் இப்போது குதிரைகளின் எண்ணிக்கையைக் குறைக்க விரும்புகிறார். இந்தக் குதிரையை என்னையே ஏற்றுக்கொள்ளும்படி கேட்கிறார். எனக்குத் தெளிவு வேண்டியது சில விஷயங்களில். எனக்குக் கிடைத்திருக்கும் ஆறுதல் குதிரையால் வந்ததா, அல்லது ஓர் ஒழுங்கான வேலை கிடைத்ததால் வந்ததா? போய் வருவதற்கும் சொந்தமாக்கிக்கொள்வதற்கும் மனத்தளவில் என்ன வேறுபாடு இருக்கும்? படுக்கையை விட்டு எழவே முடியாத நாள்கள் எனக்கு இன்னும் வருகின்றன. அந்த நாள்களில் இந்தப் பொறுப்பு என்னைத் தாங்குமா, அழுத்துமா? அனுபவம் உள்ளவர்கள் மனம் திறந்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி: லாயவாசி

வணக்கம் அம்மா. உங்கள் இழப்புக்கு என் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

நான் நெடுங்காலமாகக் குதிரை வைத்திருப்பவன். ஒரு சாலை விபத்துக்குப் பிறகு படபடப்பும் அச்சமும் என்னை விடாமல் பிடித்திருந்த காலத்தில்தான் முதல் குதிரை என்னிடம் வந்தது. ஆகவே உங்கள் கேள்விகளில் ஒன்றுகூட எனக்கு அந்நியமானதல்ல.

குதிரையா, வேலையா என்று பிரித்துப் பார்க்க முடியும் என எனக்குத் தோன்றவில்லை. வேலையின் வழியாகத்தான் குதிரை நமக்குப் பழக்கமாகிறது. குளம்பு சுத்தம் செய்வதையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்காலருகே வால் பக்கம் பார்த்து நின்று, தோளில் கையை வைத்து, காலின் வழியே மெல்லக் கீழே இறக்குகிறோம். அவசரப்பட்டால் குதிரை தன் எடையை அந்தக் காலிலேயே ஊன்றிக்கொள்கிறது. ஏறத்தாழ 500 கிலோ எடையுள்ள விலங்கின் காலைப் பலத்தைக் காட்டித் தூக்க எவராலும் ஆகாது. சற்றுப் பொறுத்தால், எடை மற்ற மூன்று கால்களுக்கு மாறுவது உள்ளங்கைக்கே தெரியும், கால் தானாக மேலே வரும். பிறகு கொக்கியைக் குதிப்பக்கத்திலிருந்து நுனி நோக்கி இழுத்து, நடுவில் ஆப்பு வடிவத்தில் இருக்கும் மெத்தென்ற பகுதியின் இரு பக்கப் பள்ளங்களிலும் அடைந்திருக்கும் சேற்றையும் சாணத்தையும் எடுக்கிறோம். அங்கே கறுத்த கசிவும் கெட்ட வாடையும் இருந்தால் அழுகல் தொடங்கியிருக்கிறது என்று பொருள். கண்ணும் கையும் மூக்கும் முதுகும் அந்தச் சில நிமிடங்களுக்கு ஒரே இடத்தில் குவிந்தாக வேண்டும். மனத்தை இப்போதில் நிறுத்துங்கள் என்று ஆலோசகர்கள் சொல்லும் பயிற்சி, இந்த வேலையில் யாரும் சொல்லாமலேயே நடந்துவிடுகிறது.

அடுத்து, இதே வேலையைத் தோட்டத்திலோ தச்சுப் பட்டறையிலோ செய்தால் இந்தப் பயன் கிடைக்காதா என்று கேட்கலாம். ஓரளவு கிடைக்கும். ஆனால் குதிரை நமக்கு உடனுக்குடன் பதில் சொல்கிறது. அது வேட்டையாடப்படும் இனம். பக்கவாட்டில் அமைந்த கண்களால் ஏறக்குறைய 350 பாகை வரை பார்க்கிறது. அருகில் உள்ளவர்களின் உடலசைவில் ஏற்படும் மிகச் சிறிய மாற்றத்தையும் கவனித்தே பிழைத்து வந்திருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை, கணக்குக்கு விடையைக் குளம்பால் தட்டிச் சொல்கிறது என்று பெரும் புகழ் பெற்றிருந்தது. ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் அதைச் சோதித்து, 1907இல் உண்மையை வெளியிட்டார். சரியான எண்ணை எட்டியதும் கேள்வி கேட்டவரின் தலையிலும் உடலிலும் அவரே அறியாமல் உண்டான நுண்ணிய அசைவைக் கண்டுதான் குதிரை தட்டுவதை நிறுத்தியது; கேட்டவரைப் பார்க்க முடியாதபோதும், கேட்டவருக்கே விடை தெரியாதபோதும், அதனால் சரியாகச் சொல்ல முடியவில்லை. பலர் இதை ஏமாற்றம் கலைந்த கதையாகச் சொல்கிறார்கள். எனக்கோ கணக்குப் போடுவதைக் காட்டிலும் இதுதான் பெரிய திறமையாகப் படுகிறது. சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்விலும், சினமுற்ற மனித முகத்தின் படத்தைக் கண்டபோது குதிரைகளின் இதயத்துடிப்பு விரைவாகவே கூடியது தெரியவந்தது.

தோளை இறுக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு அருகில் போனால் குதிரையும் தலையை உயர்த்திக்கொண்டு நிற்கும். மூச்சை நீளமாக விட்டு, கையைத் தளர்த்தினால், பல வேளைகளில் அதன் தலையும் இறங்கும். அச்சத்தால் பீடிக்கப்பட்டிருந்த காலத்தில் என் உடம்பு இறுகியிருப்பதே எனக்குத் தெரியாது. குதிரையின் காதுகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். தெரிந்த பிறகு மாற்றிக்கொள்ள முடிந்தது. "நீங்கள் பதற்றமாக இருக்கிறீர்கள்" என்று மனிதர் சொன்னால் நமக்குக் கூச்சமோ கோபமோ வருகிறது. குதிரை காட்டும்போது அவை வருவதில்லை.

தேய்த்துவிடுவது ஒருவழிப் பணிவிடை என்று நினைக்க வேண்டாம். குதிரைகள் ஒன்றையொன்று பிடரியின் அடியில், முதுகு தொடங்கும் மேட்டில், பல்லால் கோதிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அதே இடத்தை மனிதர் கையால் தேய்த்தால் குதிரையின் இதயத்துடிப்பு குறைகிறது என்று 1993இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மேலுதட்டை நீட்டி நெளிக்கிறதா, கீழுதடு தளர்ந்து தொங்குகிறதா என்று கவனியுங்கள்; நம் கை சரியான இடத்தில் இருக்கிறது என்பதற்கு அவை அடையாளம்.

சொந்தமாக்கிக்கொண்டால் என்ன மாறும் என்ற கேள்விக்கு என் அனுபவத்தில் ஒரே பதில்தான் இருக்கிறது: அந்தக் குதிரையை உலகத்திலேயே மிக நன்றாக அறிந்தவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள். ஓய்வில் அதன் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு எத்தனை, எவ்வளவு தண்ணீர் குடிக்கும், சாணம் வழக்கமாக எப்படி இருக்கும், எந்தக் காலை மடக்கி ஓய்வெடுக்கும் என்பதெல்லாம் உங்களுக்கு அத்துபடியாகும். மருத்துவர் வந்தால் உங்களைப் பார்த்துத்தான் கேட்பார். துயரமோ அச்சமோ நீடிக்கும்போது, எதற்கும் உதவாதவர் ஆகிவிட்டோம் என்ற நினைப்புதான் மனத்தை அரிக்கிறது. ஓர் உயிரைப் பற்றி நாமே தேடிச் சேர்த்த அறிவு அந்த நினைப்புக்கு எதிராக உறுதியாக நிற்கும். போய் வருபவருக்கு இது முழுமையாகக் கிடைப்பதில்லை, ஏனெனில் முடிவெடுப்பவர் வேறொருவர். அதே காரணத்தால், முடிவெடுக்கும் சுமையும் இனி உங்களுடையதே ஆகும்.

எழ முடியாத நாள்களைப் பற்றிக் கேட்டீர்கள். என்னைப் பொறுத்தவரை, எனக்காக எழ முடியாத காலைகளில் குதிரைக்காக எழுந்திருக்கிறேன். எழுந்து வேலையைத் தொடங்கிய பிறகு அந்த நாள் நான் அஞ்சிய அளவுக்கு மோசமாக இருந்ததில்லை. ஆனால் எல்லோருக்கும் எப்போதும் இப்படியே நடக்கும் என்று நான் உறுதி கூற மாட்டேன். உங்களால் வர முடியாத நாளில் ஒரு கேள்வியும் கேட்காமல் தீவனமும் தண்ணீரும் வைக்க இன்னொருவர் கட்டாயம் இருக்க வேண்டும். அப்படி ஒருவர் கிடைக்கும்வரை குதிரையை ஏற்க வேண்டாம்.

மறுமொழி: கால்நடை மருத்துவர்

லாயவாசி அவர்கள் எழுதியதில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை. குதிரை நம் உடலசைவைப் படிக்கிறது என்பது உண்மை. அதனால் அது நம் துயரத்தைப் புரிந்துகொண்டு ஆறுதல் சொல்கிறது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அசையாமல் நிற்கும் குதிரை எல்லாம் அமைதியாக இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. மூக்குத் துளைகள் இறுகி, கண்ணுக்கு மேலே சுருக்கம் விழுந்து, காதுகள் பின்னோக்கி விறைத்து, சுற்றிலும் நடப்பதைக் கவனிக்காமல் நிற்குமானால் அது வலியாக இருக்கலாம். குதிரை நலமாக இல்லாத இடத்தில் மனிதர் மட்டும் நலம் பெறுவது எனக்கு உவப்பானதல்ல, அது நீடிக்கவும் நீடிக்காது. ஆகவே குதிரையின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன்.

குதிரையின் இரைப்பை அதன் உடலோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. அமிலமோ அதில் இடைவிடாமல் சுரந்துகொண்டே இருக்கிறது. பல மணி நேரம் வயிறு காலியாக இருந்தால் புண் உண்டாகும். எனவே இரண்டு வேளை வயிறு நிறைய உணவளித்துவிட்டால் கடமை முடிந்தது என்று கருத இயலாது. நாள் முழுவதும் மேயவோ உலர்புல்லை மென்றுகொண்டிருக்கவோ வழி வேண்டும். உடல் எடையில் 1.5 முதல் 2 விழுக்காடு அளவுக்கு உலர்ந்த நார்த்தீவனம் தினமும் தேவை. தண்ணீர் 25 முதல் 50 லிட்டர் வரை, வெப்பமும் வேலையும் கூடினால் அதற்கு மேலும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. ஆகையால் கோலிக் என்று நாங்கள் சொல்லும் வயிற்றுவலி சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகிவிடக் கூடும். தீவனத்தைத் தொடாமல், வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, மண்ணைப் பறித்து, படுத்துப் புரண்டால் காத்திருக்காமல் மருத்துவரை அழையுங்கள். ஓய்வில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருப்பது இயல்பு. தாடை எலும்பின் உட்பக்கம் ஓடும் நாளத்தில் விரல் வைத்து எண்ணப் பழகிக்கொள்ளுங்கள்.

18 வயது என்பது முதுமையின் வாசல்தான். நல்ல பராமரிப்பில் குதிரைகள் 25, 30 ஆண்டுகள் வரை வாழ்கின்றன; ஆக, நீங்கள் ஏற்கப்போவது இன்னும் பல ஆண்டுகளுக்கான பொறுப்பு. ஆண்டுக்கொரு முறையாவது பற்களைச் சோதிக்க வேண்டும். கடைவாய்ப் பற்களில் கூர்மையான விளிம்புகள் உண்டானால் மெல்ல முடியாமல் புல்லை உருண்டையாகத் துப்பும், இளைக்கும். 6 முதல் 8 வாரங்களுக்கு ஒரு முறை குளம்பு சீவ வேண்டும், லாடம் இல்லாவிட்டாலும் இது பொருந்தும். டெட்டனஸ் தடுப்பூசி விடுபடவே கூடாது, அந்த நோய்க்குக் குதிரைகள் எளிதில் பலியாகின்றன. உதிர வேண்டிய பருவத்தில் உரோமம் உதிராமல் நீண்டு வளர்ந்தால், வயதான குதிரைகளுக்கு வரும் ஹார்மோன் கோளாறாக இருக்கலாம். அதைக் கவனிக்காமல் விட்டால் குளம்பின் உள்ளே அழற்சி ஏற்பட்டு நடக்கவே முடியாத நிலைக்குப் போகும். ஏற்றுக்கொள்வதற்கு முன்பு ஒரு முழுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், அதையும் லாயத்துக்காரருக்கு வேண்டியவர் அல்லாத மருத்துவரைக் கொண்டு செய்யுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். குதிரை கூட்டமாக வாழும் விலங்கு. தனியாக வீட்டருகே கொண்டுபோய்க் கட்டிவிடாதீர்கள். தனிமையிலும் அடைப்பிலும் வைக்கப்பட்ட குதிரைகளுக்கு மரத்தைக் கவ்விக் காற்றை விழுங்குவது, நின்ற இடத்திலேயே இடமும் வலமும் ஆடிக்கொண்டிருப்பது போன்ற பழக்கங்கள் வந்துவிடுகின்றன. நீங்கள் தினமும் சில மணி நேரம் உடன் இருப்பது மற்றொரு குதிரையின் துணைக்கு ஈடாகாது. அது இப்போது இருக்கும் லாயத்திலேயே, பழகிய துணைகளோடு இருக்கட்டும்.

பாதுகாப்பையும் மறக்க வேண்டாம். நேர் பின்புறமும் நெற்றிக்கு நேர் முன்னே மிக அருகில் உள்ள இடமும் அதன் கண்ணுக்குத் தெரியாது. குரல் கொடுத்துக்கொண்டே தோள் பக்கமாக அணுகுங்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். மிரண்டு ஓடினால் விரல்கள் போய்விடும்.

மறுமொழி: உளவியல் ஆலோசகர்

முதல் கேள்விக்கு ஆய்வுகளின் பக்கத்திலிருந்து கொஞ்சம் சேர்க்கலாம் என்று எழுதுகிறேன்.

இதுபற்றிப் பேசும்போது வெவ்வேறு செயல்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். நடக்கும் குதிரையின் முதுகசைவு, ஏறி அமர்ந்திருப்பவரின் இடுப்புக்கு மனித நடையைப் போன்ற முப்பரிமாண அசைவைத் தருகிறது. அதைப் பயன்படுத்திச் செய்வது உடலியக்கச் சிகிச்சை. டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்ட்டெல் 1944இல் இளம்பிள்ளை வாதத்தால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த பிறகும் 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றார். குதிரை வழிச் சிகிச்சை ஐரோப்பாவில் பரவுவதற்கு அவருடைய வெற்றி பெரிய உந்துதலாக அமைந்தது. பயிற்சி பெற்ற ஆலோசகர் உடனிருந்து, குதிரையோடு பழகும் அனுபவத்தை முன்வைத்து நடத்துவது உளவியல் சிகிச்சை. நீங்கள் செய்துகொண்டிருப்பது இவற்றில் எதுவுமன்று. அது ஓர் உயிரைப் பராமரிப்பது. அதனால் அதன் மதிப்பு குறைந்துவிடாது. ஆனால் சிகிச்சை குறித்த ஆய்வு முடிவுகளை அப்படியே சொந்தக் குதிரைக்குப் பொருத்திப் பார்ப்பது சரியாகாது.

கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் 2021இல் வெளியிட்ட ஆய்வில், அதிர்ச்சிக்குப் பிந்தைய மன வடுவால் துன்புற்ற 63 முன்னாள் படைவீரர்கள் வாரம் ஒன்றாக 8 அமர்வுகளில் குதிரைகளோடு பழகினார்கள். சவாரி கிடையாது. அவர்களுடைய மன வடுவின் அறிகுறிகளும் மனச்சோர்வும் குறைந்தன, மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் அந்தப் பயன் நிலைத்திருந்தது. ஆயினும் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு அந்த ஆய்வில் இல்லை. ஆகவே பயன் முழுவதும் குதிரையால்தான் வந்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

குதிரையா, ஒழுங்கா என்ற உங்கள் கேள்விக்கு நெருக்கமானது 2015இல் அமெரிக்காவின் கொலராடோவிலிருந்து வெளியான ஆய்வு. ஆட்டிசம் உள்ள 6 முதல் 16 வயது வரையிலான 127 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு சாராருக்கு 10 வாரம் குதிரையேற்றப் பயிற்சி அளித்தார்கள். மற்றவர்களுக்கு அதே கால அளவில் லாயம் சார்ந்த பாடங்களும் செயல்பாடுகளும் இருந்தன, உயிருள்ள குதிரை மட்டும் இல்லை. குதிரையோடு இருந்த பிள்ளைகளிடம் எரிச்சலும் மிகைத் துடிப்பும் கூடுதலாகக் குறைந்தன. பிள்ளைகளின் நிலையும் உங்கள் நிலையும் வேறு. இருந்தாலும் ஒழுங்கான நேரமும் புதிய இடமும் மட்டுமே எல்லாவற்றையும் செய்துவிடவில்லை, குதிரைக்கும் அதில் பங்கு உண்டு என்று கருத இது இடம் தருகிறது.

உங்கள் நிலையை ஒட்டி இரண்டு விஷயங்கள் கவனத்துக்கு உரியவை. உறக்கம் சீராகிவிட்டது என்பதற்காக மருந்தை நீங்களாகவே குறைத்துவிடாதீர்கள். சில மனச்சோர்வு மருந்துகள் தலைச்சுற்றலை உண்டாக்கும். பெரிய விலங்கின் அருகில் வேலை செய்வதாக உங்கள் மருத்துவரிடம் தெரிவித்து வையுங்கள். இன்னொன்று சொல்வதற்குக் கடினமானது. வயதான குதிரை உங்களுக்கு முன்பே போய்விட வாய்ப்பு அதிகம். அதன் வேதனையை முடித்துவைக்கும் முடிவைக்கூட நீங்கள் எடுக்க நேரிடலாம். துணையை இழந்தவருக்கு இது புண்பட்ட இடத்திலேயே விழும் அடி. ஆனாலும் ஏற்க வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் கணவருடைய இறுதி நாள்களில் உங்கள் கையில் எதுவும் இல்லை என்ற உணர்வு இருந்திருக்குமானால், ஓர் உயிரைக் கடைசிவரை நன்றாகப் பார்த்துக்கொள்ளும் வாய்ப்பு அந்த உணர்வையும் தொடக்கூடும். இதை இப்போதே உங்கள் ஆலோசகருடன் பேசத் தொடங்குங்கள்.

கேட்டவரின் மறுமொழி: புதுக்கடிவாளம்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆலோசகர் எழுதிய கடைசிப் பகுதியைப் படித்து நெடுநேரம் அழுதேன். அழுத பிறகு தெளிவாகவே இருக்கிறது. என் கணவரின் இறுதி நாள்களில் எல்லா முடிவுகளையும் மற்றவர்கள்தான் எடுத்தார்கள் என்பது உண்மை.

குதிரையை அங்கேயே, அதன் துணையோடு விட்டுவைக்க லாயத்துக்காரர் சம்மதித்திருக்கிறார். லாயத்தில் உதவி செய்யும் இளைஞர் ஒருவர் என்னால் வர முடியாத நாள்களில் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். உரிமையை உடனே மாற்றிக்கொள்ளாமல், சில மாதங்கள் முழுப் பொறுப்பையும் நானே ஏற்றுப் பார்க்கலாமா? அப்படிச் செய்தால் எதையெல்லாம் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும்?

மறுமொழி: லாயவாசி

அதுதான் சரியான வழி, அம்மா. எல்லாப் பருவங்களையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு உரிமையை மாற்றிக்கொள்ளலாம். மழைக்காலத்துச் சேற்றில் செய்யும் வேலையும் கோடையில் செய்யும் வேலையும் ஒன்றல்ல.

வாய்ப்பேச்சோடு விடாமல் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். தீவனம், குளம்பு, தடுப்பூசி, மருத்துவம் ஆகிய ஒவ்வொன்றின் செலவும் யாருடையது, இடைக்காலத்தில் அவர் குதிரையை வேறு எவருக்கும் கொடுத்துவிடக் கூடாது, உங்களால் முடியாமல் போனால் எவ்வளவு காலம் முன்பே தெரிவித்துத் திருப்பி ஒப்படைக்கலாம் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். இரவு நேரத்தில் கோலிக் வந்து உங்களைத் தொடர்புகொள்ள முடியாமல் போனால், மருத்துவரை அழைக்கவும் சிகிச்சைக்கு ஒப்புதல் தரவும் யாருக்கு அதிகாரம் என்பதை அந்த இளைஞரின் பெயரோடு தெளிவாக எழுதுங்கள். அந்தத் தாளின் ஒரு படியைத் தீவன அறைக் கதவின் உட்பக்கத்தில், மருத்துவரின் தொலைபேசி எண்ணோடு சேர்த்து ஒட்டி வையுங்கள்.